ஐஸ் ஒத்தடப் பை: முதலில் பிறீசரைப் பாருங்கள், பிறகு கலவையைத் தெரிவுசெய்யுங்கள்

தை பிறந்தால் வட இலங்கையின் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஓட்டமும் பாய்ச்சலும் தொடங்கிவிடும். பொழுதுபட்டால் கிராமத்து மைதானங்களில் கரப்பந்தும் உதைபந்தும் நடக்கும். கால் பிரள்வதும், தொடைத் தசை இழுத்துப் பிடிப்பதும், பந்து பட்டு விரல் மடங்குவதும் இவற்றோடு கூடவே வருபவை. நகரத்துப் பாமசிக்குப் போனால் கடை ஜெல் பை வாங்கலாம். ஆனால் துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருப்பவர் அதற்கென்று ஒரு பஸ் ஏற வேண்டும். ஆகவே வீட்டிலேயே செய்துவைக்க நினைக்கிறார்கள். செய்முறைகளும் ஆளுக்கொன்றாய்ச் சொல்லப்படுகின்றன: உப்புத் தண்ணீர், ஸ்பிரிட், குழந்தைப் பம்பர்ஸ், அரிசி, பாத்திரம் கழுவும் திரவம். இதில் எதைச் செய்வது?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறீசர் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு, உடைத்த ஐஸும் கொஞ்சத் தண்ணீரும் போட்ட பைதான் நல்லது. எடுத்தவுடன் வைக்கத் தயாராக ஒன்று இருக்க வேண்டுமென்றால் குறைந்த உப்புப் போட்ட தண்ணீர்ப் பை. மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அது சிறிய இடம். ஏன் என்று பார்ப்பதற்கு முன், எதைக்கொண்டு அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

எவ்வளவு வெப்பத்தை இழுத்தெடுக்கும். தொட்டால் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதைப் பலரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதுவல்ல. ஒரு கிராம் ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 334 யூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை விழுங்குகிறது. அதே ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை செல்சியஸ் சூடாக வெறும் 4.2 யூல் போதும். அதாவது ஒத்தடத்தில் வேலை செய்வது குளிர் அல்ல, உருகுதல். உள்ளே உருகுவதற்கு ஒன்றும் இல்லாத பை, முதல் ஐந்து நிமிடம் ஆளை ஏமாற்றிவிட்டு அடங்கிவிடும்.

அரைக் கிலோ எடையுள்ள மூன்று பைகளை −10 பாகையிலிருந்து +10 பாகைக்கு வரவிட்டால் என்ன நடக்கும்? ஐஸ் ஏறக்குறைய 200 கிலோயூல் வெப்பத்தை எடுக்கும். உறையாமல் வெறும் குளிர்த் திரவமாக இருக்கும் கலவை 40 கிலோயூல் அளவில் எடுக்கும். அரிசி 15 முதல் 18 கிலோயூல்தான். மற்றக் கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தோலுக்கு எவ்வளவு ஆபத்து. சுத்த ஐஸ் உருகும்போது 0 பாகையிலேயே நிற்கும். உப்போ ஸ்பிரிட்டோ கலந்தால் கலவை 0-க்குக் கீழே உருகும். உருகி முடியும்வரை தோலுக்கு எதிரே 0-க்குக் கீழான குளிர் நின்றுகொண்டிருக்கும். ‘ஜெல் போல மென்மை’ என்று சொல்லப்படும் செய்முறைகள் எல்லாவற்றினதும் மறைவிலை இதுதான். உறைநிலையைக் கீழே தள்ளித்தான் அந்த மென்மை கிடைக்கிறது. தோல் கருகும் வாய்ப்பும் அதோடு சேர்ந்து கூடுகிறது.

உடம்பில் படியுமா. கணுக்காலும் முழங்காலும் மேடுபள்ளமானவை. கட்டியான பை இரண்டு புள்ளிகளில் மட்டும் தொட்டு அங்கே தோலை நோகச் செய்யும். இடையில் காற்று நிற்கும். காற்றுக்குக் கீழே உள்ள வீக்கத்துக்கு ஒரு பயனும் இல்லை.

கசிந்தால் என்ன ஆகும், எத்தனை முறை தாங்கும், மின்சாரம் போனால் என்ன ஆகும். இவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

## பிறீசரை அளந்துகொள்ளும் வழி

இரு கதவுப் பிரிட்ஜின் பிறீசர் −18 பாகைக்குக் கிட்டப் போகும். ஒரு கதவுப் பிரிட்ஜின் மேல்தட்டு, சித்திரை வெயிலில் அடிக்கடி கதவு திறக்கும் வீட்டில், −6 முதல் −10 வரை போனாலே பெரிய காரியம். பெரும்பாலான செய்முறைகள் முதல்வகைப் பிறீசரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டாவது வகையில் அவை உறையவே மாட்டா. ‘செய்தேன், சரிவரவில்லை’ என்பவர்களில் பலரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

வெப்பமானி தேவையில்லை. மூன்று சிறிய பைகளில் தலா 200 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். முதலாவதில் ஒரு மட்டத் தேக்கரண்டி தூள் உப்பு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. முற்றாகக் கரைத்து, பெயரிட்டு, ஓர் இரவு பிறீசரில் வையுங்கள். முதலாவது உறையத் தொடங்குவது −2 பாகைக்குக் கிட்ட, இரண்டாவது −3.5, மூன்றாவது −7. மூன்றிலும் ஐஸ் பிடித்திருந்தால் உங்கள் பிறீசர் −7 பாகைக்குக் கீழே போகிறது, உப்புக் கலவைக்குத் தோதானது; ஸ்பிரிட் கலவைக்கு இன்னும் கூடிய குளிர் வேண்டும். மூன்றாவது தண்ணீராகவே இருந்தால், ஸ்பிரிட் கலவையையும் கூடிய உப்புக் கலவையையும் இப்போதே மறந்துவிடலாம். முதலாவதுகூட உறையவில்லையென்றால், கலவையைத் தேடாமல் பிறீசரில் படிந்த பனிக்கட்டியை உருக்குங்கள். கதவு றப்பர் இறுகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

## உடைத்த ஐஸும் தண்ணீரும்

தேவை: அரைக் கிலோ ஐஸ், 100 முதல் 150 மில்லிலீற்றர் தண்ணீர், தடித்த பொலித்தீன் பை இரண்டு. அரைக் கிலோ கணுக்காலுக்கு. முழங்காலுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும்.

ஐஸை உடைப்பதுதான் பலருக்கும் சலிப்பான வேலை. கட்டியாக உறையவிட்டுப் பிறகு உலக்கையால் அடிப்பதைவிட, பையில் தண்ணீரை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் படுக்கவைத்து உறையவிடுவது நல்லது. அந்தத் தகட்டைத் துவாயில் சுற்றி நிலத்தில் இரண்டு அடி அடித்தால் நொருங்கிவிடும். மட்டமான தட்டு ஒன்றின்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் பை பிறீசரின் கம்பிக்குள் இறங்கி உறைந்து சிக்கிக்கொள்ளும்.

நொருங்கிய ஐஸைப் பையில் போட்டு, தண்ணீரை விடுங்கள். தண்ணீர் விடுவதை விட்டுவிடாதீர்கள். துண்டுகளுக்கு இடையிலுள்ள காற்றை அது நிரப்புகிறது, பையும் கணுக்கால் எலும்பைச் சுற்றிப் படிகிறது. ஐஸ் மட்டும் போட்ட பையைவிட ஐஸும் தண்ணீரும் போட்ட பை ஆழமாகக் குளிர்விக்கும். வாயை முக்கால்வாசி மூடி, பையை ஒரு வாளித் தண்ணீருக்குள் வாய் மட்டும் வெளியே நிற்கும்படி இறக்கினால் காற்று தானாக வெளியேறும். உடனே முற்றாக மூடி, இரண்டாவது பைக்குள் தலைகீழாகப் போடுங்கள்.

பிழைப்பது எங்கே? ‘சொப்பிங் பை’ எனப்படும் மெல்லிய பைகளில். ஐஸின் கூர்முனை அதைக் கிழித்துவிடும். சுடுதண்ணீர் ஒத்தடத்துக்கு விற்கும் றப்பர் பை வீட்டில் இருந்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. வாய் அகலமாக இருக்கும், திருகு மூடியும் உண்டு. ஆனால் றப்பர் பையை ஐஸோடு பிறீசரில் வைத்துச் சேமிக்க வேண்டாம். குளிரில் விறைத்த றப்பர் மடிப்புகளில் வெடிக்கும். ஐஸைத் தனியே வைத்திருந்து, தேவைப்படும்போது நிரப்புங்கள்.

மறைசெலவு என்று பார்த்தால் நேரம் மட்டுமே. காயம் பட்டபின் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. கசிந்தால் தண்ணீர்தான், துடைத்துவிடலாம்.

## குறைந்த உப்புத் தண்ணீர்ப் பை

எடுத்தவுடன் வைக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. உப்பின் அளவில் பலரும் தவறுகிறார்கள். ‘உப்புக் கூடக்கூட மென்மை’ என்று அள்ளிப் போட்டால், ஒரு கதவுப் பிரிட்ஜில் அது உறையாத குளிர்த் தண்ணீர். இரு கதவுப் பிறீசரிலோ அது −18 பாகையிலிருந்து மெல்ல மேலேறும் சேற்றுக் குளிர்.

நாங்கள் சொல்லும் அளவு அரை லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு. தூள் உப்பென்றால் ஒரு மட்ட மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஆனையிறவு உப்புப் போலக் கல்லுப்பு என்றால் கரண்டியை நம்பாமல் நிறுத்துப் போடுங்கள். மணிகளுக்கு இடையில் காற்று இருப்பதால் கரண்டிக் கணக்கு குறைந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, பையில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கும். முட்ட நிரப்பிய பை தையலில் பிளப்பது அதனால்தான்.

கடல் தண்ணீரின் உப்பு இந்த அளவுக்குக் கொஞ்சம்தான் கூட. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர் வடித்தெடுத்த கடல் தண்ணீரைப் பையில் அடைத்தாலும் ஏறத்தாழ இதே பைதான் கிடைக்கும்.

−8 பாகையில் இந்தக் கலவையின் கால் பங்கு உறையாமல் நிற்கும். கையால் பிசைந்தால் பொடிந்து, ஈர மணல் போல ஆகும். −18 பாகைப் பிறீசரில் கட்டியாகத்தான் வரும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்து, துவாயோடு சேர்த்துப் பிசைந்தால் இறங்கிவரும். அந்த ஐந்து நிமிடம் தோலுக்கும் நல்லது. எடுத்த உடனே எந்தப் பையும் பிறீசரின் குளிரில்தான் இருக்கும். அவசரப்பட்டு நேரே வைத்தால் கருகும்.

பொலித்தீன் பையின் வாயை மெழுகுதிரியில் ஒட்டலாம். வாய் ஓரத்தை உலர்த்தித் துடைத்து, இரண்டு தடவை மடித்து, மடிப்பின் விளிம்பு மட்டும் வெளியே தெரிய இரும்பறுக்கும் வாளின் அலகு ஒன்றால் பிடித்து, சுடரின் பக்கமாக இழுங்கள். ஈரம் இருந்தால் ஒட்டாது. ஒட்டியபின் தலைகீழாக ஓர் இரவு தொங்கவிட்டுச் சோதித்த பிறகே பிறீசருக்குள் போக வேண்டும்.

இதன் மறைசெலவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கதவுப் பிரிட்ஜின் மேல்தட்டு பெரும்பாலும் அலுமினியத் தகடு, வாயு ஓடும் குழாய் அதற்குள்ளேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் கசிந்து அங்கே தேங்கினால் தகட்டை அரித்து ஓட்டை போடும். தகட்டில் ஒட்டிய பையைக் கத்தியால் நெம்பி ஓட்டை போடுவதும் உண்டு. இரண்டிலும் வாயு போய்விடும், பிரிட்ஜும் திருத்துநரிடம் போகும். ஆகவே உப்புப் பை எப்போதும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி இளக்குங்கள்.

## ஸ்பிரிட் கலவை

பாமசியில் விற்கும் 70 சதவீத ஸ்பிரிட் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. பரவலாகச் சொல்லப்படும் செய்முறை இது. உறைநிலை −10 பாகைக்குக் கிட்ட இருக்கும். −18 பிறீசரில் அழகான கூழாக வரும், முழங்காலில் துணிபோலப் படியும். கடை ஜெல் பையை நெருங்குவது வீட்டுச் செய்முறைகளில் இதுதான்.

அப்படியிருந்தும் நாங்கள் இதை முதலில் வைக்கவில்லை. ஒரு கதவுப் பிரிட்ஜில் இது உறையாது, குளிர்ந்த திரவமாகவே நிற்கும். கை வைத்தால் கடும் குளிராகத் தெரியும். எடுக்கும் வெப்பமோ ஐஸில் ஐந்தில் ஒரு பங்கு. நன்றாக உறையும் பிறீசரிலோ எதிர்த்திசை ஆபத்து: 0-க்கு மிகக் கீழே நெடுநேரம் நிற்கும், மென்மையாக இருப்பதால் தோலில் எங்கும் ஒட்டிப் படியும். கட்டி ஐஸ் தந்த எச்சரிக்கை இதில் கிடைக்காது. இதோடு எரியும் தன்மையும் உண்டு. இந்தப் பையின் வாயை மெழுகுதிரியில் ஒட்ட முயலவே கூடாது. கசிந்தால் அடுப்படி முழுக்க நெடி. சிறுபிள்ளை வாயில் வைத்தால் நஞ்சு. உராய்ந்த தோலில் பட்டால் எரிவு.

இரு கதவுப் பிரிட்ஜும், சிறுபிள்ளைகள் இல்லாத வீடும், முழங்கால் நோவுக்கு நாள்தோறும் ஒத்தடம் வைப்பவரும் என்றால் இது தகும். அப்போதும் ஸ்பிரிட்டைக் குறைத்து ஒன்றுக்கு மூன்று என்று கலவுங்கள். சிப் (zip) வாய் வைத்த பை இரண்டு போட்டு, மேலே இரட்டை மடிப்புத் துவாய் சுற்றுங்கள்.

## பம்பர்ஸ் ஜெல்

பம்பர்ஸுக்குள் இருக்கும் தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாகும். வெட்டித் தூளை எடுக்கத் தேவையில்லை. தூசி மூக்கில் ஏறும், கைக்கும் வேலை. முழுப் பம்பர்ஸையே விரித்து, 300 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி, ஊறியதும் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். தண்ணீர் மட்டும் போட்ட ஜெல் கல்லாகத்தான் உறையும். ஆகவே உறையும்போதே வடிவம் கொடுக்க வேண்டும். கணுக்காலுக்கு என்றால் ஒரு சிறிய சோடாப் போத்தலின் மேல் வளைத்து வையுங்கள், முழங்காலுக்குக் கவிழ்த்த கோப்பையின் மேல்.

வன்னியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது தண்ணீர். எங்கள் கிணறுகளில் பல கல்நீர்க் கிணறுகள். கேத்தலின் அடியில் வெள்ளை படிவதைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கல்சியம் ஜெல் தூளின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, விரியவிடாமல் தடுக்கிறது. உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அப்படியே. ‘ஊற்றிய தண்ணீர் ஊறாமல் வழிகிறது’ என்றால் தூளைக் குறை சொல்லாதீர்கள். மழைத்தண்ணீர் அல்லது வடிகட்டிய குடிதண்ணீர் விட்டுப் பாருங்கள். இதே காரணத்தால் ஜெல்லோடு உப்புச் சேர்க்கவும் கூடாது. சேர்த்த கொஞ்ச நேரத்தில் ஜெல் இளகித் தண்ணீரை விட்டுவிடும்.

இதன் பெரிய நன்மை, பை கிழிந்தாலும் ஓடி வழியாது. பயணத்தில் கொண்டுபோகவும் விளையாட்டு அணியின் பெட்டியில் வைக்கவும் ஏற்றது. பழுதானால் குப்பையில் போடுங்கள். மலசலகூடக் குழிக்குள் போட்டால் அங்கே ஊதி அடைக்கும்.

## அரிசி, பயறு மேஸ்

பழைய மேஸில் (காலுறையில்) அரைக் கிலோ அரிசியோ பயறோ போட்டு முடிந்து, பொலித்தீன் பையில் இட்டு உறையவிடுவது. ஈரமில்லை, கசிவில்லை, எங்கும் படியும். ஆனால் முன்னே சொன்ன கணக்கைப் பாருங்கள்: ஐஸ் எடுக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உருகுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லையே. வன்னி வெக்கையில் பத்து நிமிடம் தாண்டாது.

எனவே வீங்கிய கணுக்காலுக்கு இது போதாது. சிறுபிள்ளையின் நெற்றிப் புடைப்பு, கதவில் நசிந்த கை போன்றவற்றுக்கு இதுவே நல்லது. ஐஸ் வைத்தால் அழும் பிள்ளைகூட இதைப் பிடித்துக்கொண்டிருக்கும், கருகும் ஆபத்தும் குறைவு. வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் காற்றின் ஈரம் அதில் படியும். பொலித்தீன் பைக்குள் இல்லாவிட்டால் சில வாரங்களில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். அந்த அரிசியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

## கடதாசிக் கப் ஐஸும், உறைந்த போத்தலும்

இரண்டும் செலவே இல்லாதவை. கடதாசிக் கப்பில் முக்கால் அளவு தண்ணீர் உறையவைத்து, விளிம்பை ஒரு விரல் அகலம் உரித்து, நோகும் இடத்தில் சிறு வட்டமாகத் தேயுங்கள். இது ஓடிக்கொண்டேயிருக்கும் ஐஸ். ஓரிடத்தில் நிற்காததால் துணி வேண்டாம், ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். முழங்கால் சிரட்டைக்குக் கீழுள்ள தசைநாண், முழங்கையின் வெளிப்பக்கம், முன்காலெலும்பின் ஓரம் என்று ஒரே புள்ளியில் நோகும் இடங்களுக்கு எந்தப் பையும் இதற்கு ஈடில்லை. பரந்த வீக்கத்துக்கு உதவாது.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்துகிறவர்கள், அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் முக்கால் பங்கு தண்ணீர் உறையவைத்து, மெல்லிய மேஸ் போட்ட உள்ளங்காலால் நிலத்தில் உருட்டலாம். கரப்பந்தில் விரல் மடங்கினால் பையே தேவையில்லை. ஒரு கப்பில் ஐஸும் தண்ணீரும் விட்டு, விரலைப் பத்து நிமிடத்துக்கு, இடைக்கிடை வெளியே எடுத்து எடுத்துத் தோயுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள்.

## எங்களுக்கு உவப்பில்லாத மூன்று

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பையில் அடைத்து உறையவைத்தால் ஜெல் போல வரும். ஆனால் அரை லீற்றர் திரவத்தின் விலைக்குத் தகுந்த பயன் இல்லை. கசிந்தால் சீமெந்து நிலம் வழுக்கும், ஏற்கெனவே நொண்டுகிறவர் விழுவார். கோன்பிளவர்க் கூழ் முதல் வாரம் நன்றாக இருக்கும். பலமுறை உறைந்து உருகியதும் தண்ணீர் பிரிந்து, மீதி கடற்பஞ்சு போலாகும், பிறகு புளிக்கும். ஈரத்துவாயைப் பிழிந்து உறையவைப்பது அவசரத்துக்குச் சரி, பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும்.

## பிறீசர் இல்லாத இடத்தில்

மண்பானைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஆறுதல் தரும், ஆனால் அது ஐஸ் ஒத்தடம் ஆகாது. கரையோரத்தில் முல்லைத்தீவு, நாச்சிக்குடா, மன்னார்ப் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ் கிடைக்கும். குடிக்க உதவாத ஐஸ்தான். பைக்குள் அடைத்து வைப்பதற்கு அது பொருட்டில்லை, வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டால் போதும். போட்டி நாளில் மூடியுள்ள ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியில் நான்கைந்து கிலோ ஐஸை நெருக்கி அடுக்கி, ஈரச்சாக்கால் மூடி, மரநிழலில் வைத்தால் மாலைவரை மிஞ்சும். பெட்டியை அடிக்கடி திறப்பதுதான் ஐஸைத் தின்னும். ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள்.

ஐஸே கிடைக்காத இடத்தில் யூரியா இருக்கிறது. வயல் செய்யும் வீட்டில் ஒரு பிடி யூரியாவுக்குப் பஞ்சமில்லை. அது தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை விழுங்கும். 300 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 180 கிராம். சிப் பையில் யூரியாவைப் போட்டு, அதற்குள் மெல்லிய பொலித்தீன் பையில் தண்ணீரைக் கட்டி வைத்து, தேவையானபோது உட்பையைக் குத்தி உடைத்துக் குலுக்குங்கள். 30 பாகைத் தண்ணீர் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். 0-க்குக் கீழே போகாததால் தோலுக்கு ஆபத்துக் குறைவு.

ஒருமுறைதான் பயன்படும் என்பதால், மறுபடி மறுபடி வைக்கும் பைக்கு இது மாற்றாகாது. இதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. அந்தக் கரைசலை வாளியில் விட்டுவிட்டுப் போனால் மாடோ ஆடோ குடிக்கும். யூரியா அவற்றுக்குக் கொடிய நஞ்சு, சாகும். இரண்டு பெரிய வாளித் தண்ணீரில் கலந்து உடனே தென்னையின் அடியில் ஊற்றிவிடுங்கள். கட்டிபட்ட பழைய யூரியா மெல்லக் கரையும், குளிரும் குறைவாகத்தான் வரும். பொடியாக்கி, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள்.

## ஒரு பார்வையில்

| தெரிவு | குளிரும் வலிமை | தோல் ஆபத்து | ஒரு கதவுப் பிரிட்ஜில் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| உடைத்த ஐஸ், தண்ணீர் | மிக அதிகம் | குறைவு | நன்று | உடைக்கும் நேரம் |
| உப்பு 15 கிராம், தண்ணீர் அரை லீற்றர் | அதிகம் | நடுத்தரம் | நன்று | கசிந்தால் தகடு அரிக்கும் |
| ஸ்பிரிட் கலவை | பிறீசரைப் பொறுத்தது | அதிகம் | உறையாது | தீ, நஞ்சு, நெடி |
| பம்பர்ஸ் ஜெல் | அதிகம் | குறைவு | நன்று | கல்நீர் ஒத்துவராது |
| அரிசி, பயறு | மிகக் குறைவு | மிகக் குறைவு | சரி | பூஞ்சணம் |
| கடதாசிக் கப் ஐஸ் | புள்ளி இடத்துக்கு அதிகம் | குறைவு | நன்று | கை குளிரும் |
| யூரியா | குறைவு | மிகக் குறைவு | தேவையில்லை | ஒருமுறை, கால்நடைக்கு நஞ்சு |

அடிக்கடி மின்சாரம் தடைப்படும் வீட்டில் தகட்டு ஐஸ் ஐந்தாறும் ஓர் உப்புப் பையும் சேர்ந்தே இருக்கட்டும். சேர்ந்திருந்தால் உள்ளே குளிர் நெடுநேரம் நிற்கும். விளையாட்டுக் கழகத்துக்கு ரெஜிபோம் பெட்டி, தடித்த பைகள், நான்கு கிரேப் பண்டேஜ் போதும், பைகளைச் செய்து சேமிக்கத் தேவையில்லை.

## வைக்கும் முறையும், வைக்கக் கூடாத இடமும்

0 பாகை ஐஸ் பைக்கு அடியில் மெல்லிய ஈரத்துணி, பழைய சாரத் துண்டு போதும். ஈரம் குளிரைக் கடத்தும். உப்பு, ஸ்பிரிட் பைகளுக்கு அடியில் உலர்ந்த துவாய், இரட்டை மடிப்பு. பத்து முதல் பதினைந்து நிமிடம், எந்த நிலையிலும் இருபதைத் தாண்ட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தூக்கித் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் சரி. வெளிறி மெழுகுபோல இருந்தால் உடனே எடுங்கள். முதலில் குளிர், பிறகு எரிவு, பிறகு கடுப்பு, பிறகு மரப்பு என்று வரும். மரத்துவிட்டால் அதோடு போதும். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி வைக்கலாம். பையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம். முழங்காலின் வெளிப்பக்கக் கீழ்ப்பகுதியிலும் முழங்கையின் உட்பக்கத்திலும் நரம்பு தோலோடு ஒட்டியே ஓடுகிறது. அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஐஸ் நோவைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே முதல் ஓரிரு நாளில், நோவுக்காக, அளவோடு வையுங்கள். அந்த நாட்களில் எண்ணெய் பூசி உருவ வேண்டாம், சூடும் வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த தோலில் எந்தப் பையும் வைக்கக் கூடாது. நீரிழிவால் கால் மரத்தவர்களும், போரில் செல் (எறிகணை) துண்டு பட்டு நரம்பு பாதிக்கப்பட்டவர்களும், முள்ளந்தண்டுப் பாதிப்புள்ளவர்களும் எங்கள் ஊர்களில் பலர். தோல் கருகுவது அவர்களுக்குத் தெரியாது. உறுப்பு அகற்றிய இடத்தின் முனைக்கும் இதே கவனம் வேண்டும். குளிரில் விரல்கள் வெளுத்து நோகிறவர்களுக்கும், திறந்த புண்ணுக்கும் வேண்டாம்.

நான்கு காலடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எலும்பின் மேலேயே அழுத்தும்போது நொந்தால், வடிவம் மாறியிருந்தால், விரல்கள் மரத்தால், ஐஸோடு நின்றுவிடாமல் எக்ஸ்ரே படம் எடுக்கப் போங்கள். வண்டி இல்லையென்றால் அம்புலன்ஸுக்கு 1990-ஐ அழையுங்கள். பொழுதுபட்ட நேரத்தில் பற்றைக்குள் பந்து எடுக்கப் போன பிள்ளையின் கால் வீங்கினால், சுளுக்கென்று எண்ணி ஐஸ் வைக்குமுன் டொர்ச் அடித்துப் பல் தடம் இருக்கிறதா பாருங்கள். பாம்புக்கடிக்கு ஐஸ் வைக்கவே கூடாது. காலை அசைக்காமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.